மக்களாணையும் மந்திரிப் பதவியும்

1956 முதல் மட்டக்களப்பு மக்கள் இடையறாது தெரிவுசெய்து வந்த செ. இராசதுரை, 1977 யூலைத் தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி வேட்பாளராக வென்றார். கூட்டணி அன்று கேட்டது தனித் தமிழீழத்துக்கான ஆணை. 1979இல் அவர் ஐக்கிய தேசியக் கட்சியிற் சேர்ந்து அமைச்சரானார். கட்சி மாறியும் ஆசனம் பறிபோகாதிருக்க வழிசெய்தது, அவ்வாண்டு பெப்ரவரியில் நிறைவேறிய அரசியலமைப்பின் இரண்டாந் திருத்தம்.

யாழ்ப்பாணத் தலைமை கிழக்கைப் புறக்கணித்தது என்பர் அவர்தம் ஆதரவாளர். அக்குறை மெய்யேயாயினும், ஆசனத்தைத் துறந்து மக்களிடம் மீண்டும் ஆணை கேட்பதன்றோ நேர்மை? சட்டம் அனுமதித்தது என்பதனால் அறம் அனுமதித்ததாகிவிடாது.

களுதாவளை வெற்றிலைத் தோட்டக்காரர் அறிவர்: கொடிக்கு வேறு கொம்பு நாட்டலாம், வேரறுத்தபின் எக்கொம்பு நாட்டியும் பயனில்லை. பிரதிநிதியின் வேர் மக்களாணையே.