மஞ்சள் நிறம் தரும் பொய் நிம்மதி

"நைட்ரேட் பூஜ்யம்தான், கிட்டிலேயே பார்த்துட்டேன்" என்று சொல்லும் மீன் வளர்ப்பாளர்கள் எல்லா ஊரிலும் உண்டு. தண்ணீர் பளிங்குபோல் தெளிந்திருக்கிறது, சோதனைக் குழாயில் மஞ்சள் நிறம் மாறவில்லை, ஆகவே தொட்டி சுத்தம் என்பது அவர்கள் முடிவு. நைட்ரேட்டுக்கு நிறமில்லை, வாசனையில்லை. தெளிவைப் பார்த்து அதை அறிய வழியே இல்லை. மீதி இருப்பது கிட் காட்டும் மஞ்சள். மீன்கள் இருந்து, தினமும் தீனி விழுந்து, செடிகள் அதிகமில்லாத ஒரு பழைய தொட்டியில் பூஜ்யம் வந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது அந்தச் சோதனையைத்தான்.

தீனியை வைத்தே கணக்குப் போட்டுவிடலாம். வழக்கமான மீன் தீனியில் சுமார் 40 சதவீதம் புரதம். புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன். ஆக ஒரு கிராம் தீனியில் 64 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கிறது. அவ்வளவும் நைட்ரேட்டானால் 280 மில்லிகிராமைத் தாண்டும். மீனின் உடம்பில் சேர்வது, அடியில் தங்கும் கசடோடு உறிஞ்சி வெளியேற்றுவது எல்லாம் போக 200 என்று வைத்துக்கொள்வோம். 100 லிட்டர் தொட்டிக்கு நாளைக்கு ஒரு கிராம் தீனி போட்டால், லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் நைட்ரேட் ஏறிக்கொண்டே போகும். தண்ணீர் மாற்றாமல் ஒரு மாதம் கழிந்தால் 60. மீன் செவுள் வழியாக வெளிவிடும் அம்மோனியாவை ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்குகின்றன. காற்று நன்றாகப் பாயும் சாதாரண ஃபில்டரில் கதை பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். அதற்குமேல் செடிகள் உறிஞ்ச வேண்டும், அல்லது யாராவது தண்ணீரை மாற்ற வேண்டும். செடி அடர்ந்த தொட்டிகளில் பூஜ்யம் உண்மையாகவே வருவதுண்டு. அங்கே இலை வெளுக்காமலிருக்கப் பொட்டாசியம் நைட்ரேட்டை விலைக்கு வாங்கி ஊற்றுகிறார்கள். மற்ற தொட்டிகளில் அந்த மாதத்து 60 எங்கே போனது என்ற கேள்விக்கு மஞ்சள் நிறத்தை நம்புகிறவர்களிடம் பதில் கிடையாது.

பதில் கிட்டுக்குள் இருக்கிறது. பீட்டர் கிரீஸ் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், இங்கிலாந்தின் பர்ட்டன் நகரில் ஒரு பீர் ஆலையில் வேலை பார்த்தவர், 1879இல் வெளியிட்ட வினையின் வழிவந்தவைதான் இன்று கடைகளில் கிடைக்கும் சொட்டு கிட்கள் பெரும்பாலானவை. அந்த வினை நைட்ரைட்டைத்தான் கண்டுபிடிக்கும். நைட்ரேட்டை அதற்குத் தெரியாது. அதனால் கிட்டில் இருக்கும் ஒரு பொருள் முதலில் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றியாக வேண்டும். அப்புறம்தான் சிவப்பு வரும். மாற்றும் பொருளோ கரையாத நுண்துகள். பாட்டிலை அலமாரியில் வைத்ததும் அடியில் படிந்து இறுகிவிடும். குலுக்காமல் சொட்டினால் மேலே தெளிந்த திரவம் மட்டும் குழாயில் விழும். மாற்றம் நடக்காது, சிவப்பு வராது, மஞ்சள் அப்படியே நிற்கும். தொட்டியில் 80 இருந்தாலும் பூஜ்யம்தான் தெரியும்.

பரவலாக விற்கும் ஏ.பி.ஐ. கிட்டின் செய்முறைத் தாளில் இது தெளிவாகவே இருக்கிறது. இரண்டாம் பாட்டிலை 30 விநாடியாவது பலமாகக் குலுக்க வேண்டும். சொட்டியபின் குழாயை முழு ஒரு நிமிடம் குலுக்க வேண்டும். 5 நிமிடம் காத்திருந்து நிறம் பார்க்க வேண்டும். நாலு தடவை ஆட்டிவிட்டு உடனே அட்டையோடு ஒப்பிடுவது சோதனை ஆகாது. பல மாதம் கிடந்த பாட்டிலென்றால் மேசையில் தட்டித் தட்டி அடிக்கசடைக் கிளப்பிய பிறகே குலுக்கத் தொடங்க வேண்டும்.

கிட் பொய்யாகக் கூட்டிச் சொல்லும் சந்தர்ப்பமும் உண்டு. புதிதாகத் தொடங்கிய தொட்டியில் நைட்ரைட் இருக்கும்போது, வினை அதையும் சேர்த்துப் பிடித்து நைட்ரேட் கணக்கில் எழுதிவிடும். நைட்ரைட் பூஜ்யமான பிறகுதான் நைட்ரேட் அளவுக்கு அர்த்தம் வருகிறது.

நிறம் பார்ப்பதிலும் தவறு நடக்கிறது. 40க்கும் 80க்கும் 160க்கும் உரிய சிவப்புகளை மனிதக் கண்ணால் நம்பிக்கையாகப் பிரிக்க முடியாது. தொட்டியின் நீல எல்.இ.டி. வெளிச்சத்தில் சுத்தமாக முடியாது. பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளின் முன் பார்க்க வேண்டும். சிவப்பு என்று மட்டும் தெரிந்தால், ஒரு பங்கு தொட்டி நீரோடு மூன்று பங்கு காய்ச்சி வடித்த நீர் கலந்து மறுபடி சோதித்து, வந்ததை நான்கால் பெருக்கினால் உண்மை வெளிப்படும். டெஸ்ட் ஸ்ட்ரிப் எனப்படும் காகிதப் பட்டைகள் இன்னும் மோசம். டப்பாவைச் சரியாக மூடாவிட்டால் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றே அவற்றைக் கெடுத்துவிடும். டி.டி.எஸ். பேனாவை முக்கிப் பார்த்து நிம்மதி அடைகிறவர்களுக்கும் சொல்ல வேண்டும்: அந்தப் பேனா எல்லா உப்புகளையும் ஒரே எண்ணாகக் காட்டுகிறது, அதில் நைட்ரேட் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அதற்குத் தெரியாது.

அலகிலும் பலர் ஏமாறுகிறார்கள். சில கிட்களும் ஆய்வக மீட்டர்களும் நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனை மட்டும் எண்ணாகத் தரும். அதை 4.43ஆல் பெருக்கினால்தான் நைட்ரேட். அமெரிக்காவின் குடிநீர் வரம்பு 10, இந்தியாவின் வரம்பு 45 என்று படித்துவிட்டு இரண்டும் வெவ்வேறு என்று நினைக்கிறார்கள். முதலாவது நைட்ரஜன் கணக்கு, இரண்டாவது நைட்ரேட் கணக்கு, அளவு ஏறக்குறைய ஒன்றே. மீட்டர் 20 காட்டியதும் நல்லது என்று விட்டுவிட்டால் தொட்டியில் உண்மையில் 89 இருக்கலாம்.

"நைட்ரேட் அம்மோனியா மாதிரி விஷமில்லையே" என்ற சமாதானம் அடுத்து வரும். அம்மோனியாவோடு ஒப்பிட்டால் அது பலமடங்கு சாதுதான், மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் ஸ்பெயினின் அல்காலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காமார்கோவும் சக ஆய்வாளர்களும் 2005இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நைட்ரஜன் கணக்கில் 10 மில்லிகிராம், அதாவது நைட்ரேட் கணக்கில் 44, நீண்ட நாள் நீடித்தால் நன்னீர் உயிரினங்கள் சிலவற்றைப் பாதிக்கும் என்று எழுதினார்கள். மிக மென்மையான இனங்களுக்கு அவர்கள் பரிந்துரைத்த வரம்பு நைட்ரஜன் கணக்கில் வெறும் 2. வளர்ந்த கப்பி தாங்குவதைக் குஞ்சும் இறாலும் தாங்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. பழைய தொட்டியில் அளவு மெல்ல ஏறியதால் உள்ளே இருக்கும் மீன்கள் பழகிக்கொள்கின்றன. நைட்ரேட் உருவாகும்போது நீரின் காரத்தன்மையும் கரைந்து பி.ஹெச். இறங்குகிறது. சென்னை கொளத்தூர் மீன் கடைகளிலிருந்து வாங்கி வந்து விட்ட புது மீன், கடை நீருக்கும் இந்தத் தொட்டி நீருக்கும் உள்ள வித்தியாசம் முழுவதையும் ஒரே நாளில் சந்திக்கிறது. அது செத்தால் பழி கடைக்காரர்மேல் விழுகிறது.

கிட்டை நம்பலாமா என்று சோதிக்க வழி எளிது. 1.63 கிராம் தூய பொட்டாசியம் நைட்ரேட்டைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து ஒரு லிட்டராக்கினால் 1000 மில்லிகிராம் கரைசல். அதில் 20 மில்லியை எடுத்து மறுபடி ஒரு லிட்டராக்கினால் 20. கிட் அதற்கு 20க்குரிய நிறம் காட்ட வேண்டும். மஞ்சளாகவே நின்றால், குலுக்கிய விதத்திலோ பாட்டிலிலோ கோளாறு.

அதே கிட்டால் வீட்டுக் குழாய் நீரையும் சோதிக்க வேண்டும். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024 அறிக்கையில், தமிழ்நாட்டு மாதிரிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் 45 வரம்பைத் தாண்டியிருந்தன. போர்வெல்லிலேயே 50 இருந்தால், 80 ஏறிய தொட்டியில் பாதித் தண்ணீரை மாற்றினாலும் 65தான் கிடைக்கும். எத்தனை வாரம் மாற்றினாலும் 50க்குக் கீழே போகாது. அந்த வீட்டில் ஆர்.ஓ. நீரைக் கலக்க வேண்டும், அல்லது வேகமாக வளரும் செடிகளை நிறைய வைக்க வேண்டும், தீனியையும் குறைக்க வேண்டும்.