பேட்ச் போட்டாலும் கழற்றச் சொன்னது ஏன்? இமெயில் பாதுகாப்புப் பெட்டிகள் தரும் பாடம்

ஒரு சாதனத்தில் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், தயாரித்த நிறுவனம் பேட்ச் வெளியிடும். ஐடி டீம் அதைப் போடும். விஷயம் முடிந்தது. வழக்கம் இதுதான்.

ஆனால் 2023 ஜூன் 6 அன்று அமெரிக்காவின் பாராகுடா நெட்வொர்க்ஸ் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களிடம் சொன்னது வேறு. ஊடுருவலுக்கு ஆளான 'இமெயில் செக்யூரிட்டி கேட்வே' சாதனங்களில் எந்த பேட்ச் போட்டிருந்தாலும் சரி, உடனே கழற்றிவிட்டு வேறு சாதனம் மாற்றுங்கள் என்றது அந்த நிறுவனம். பாதுகாப்புக்காக வாங்கிய பெட்டியையே இனி நம்ப முடியாது என்று, அதைத் தயாரித்தவர்களே சொன்ன தருணம் அது.

2025 டிசம்பரில் சிஸ்கோ நிறுவனத்தின் இமெயில் சாதனங்களிலும் இதே போன்ற சிக்கல் வெடித்தது. அப்படியென்றால் கோளாறு ஒரு நிறுவனத்தோடு நிற்கவில்லை. இந்தப் பெட்டி எங்கே வைக்கப்படுகிறது, எப்படி செட்டப் செய்யப்படுகிறது என்பதிலேயே பாதிக் கதை இருக்கிறது.

இந்தப் பெட்டி என்ன செய்கிறது?

பார்க்க சாதாரண சர்வர் மாதிரிதான் இருக்கும். வெளியிலிருந்து ஒரு நிறுவனத்துக்கு வரும் ஒவ்வொரு மெயிலும் முதலில் இதற்குள் நுழையும். ஸ்பேமா, வைரஸ் இருக்கிறதா, வங்கிப் பெயரில் வந்த போலியா என்று சோதித்த பிறகே உள்ளே இருக்கும் மெயில் சர்வருக்கு அனுப்பும். அபார்ட்மென்ட் வாசலில் செக்யூரிட்டி பார்சலைப் பிரித்துப் பார்த்துவிட்டு உள்ளே விடுவது போல.

இந்த உவமையில் கவனிக்க வேண்டியது 'பிரித்துப் பார்ப்பது'. அட்டாச்மென்ட்டைத் திறக்காமல் அது நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது. அதாவது, உலகில் யார் அனுப்பும் ஃபைலையும், அவர் யாரென்றே தெரியாமல், இந்தப் பெட்டி திறந்தே ஆக வேண்டும். அதன் வேலையே அதுதான். அதன் பலவீனமும் அதுவே.

ரேக்கில் ஏற்றுவது எளிது, பிறகுதான் வேலை

சிறிய மாடல்கள் பெரும்பாலும் 1யூ உயரம், அதாவது 1.75 அங்குலம். 19 அங்குல ரேக்கில் தண்டவாளம் போன்ற இரண்டு ரெயில்களைப் பொருத்தி, பெட்டியைத் தள்ளி, ஸ்க்ரூ முடுக்கினால் ஆச்சு. இரண்டு பவர் சப்ளை உள்ள மாடல் என்றால், இரண்டு கேபிளையும் தனித்தனி யுபிஎஸ் லைனில் செருகுவார்கள். பெட்டியைத் தூக்கி வைக்கும் வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

அதன் பிறகு வருபவைதான் முக்கியமான முடிவுகள்.

முதலில் இடம். இணையத்துக்கும் அலுவலக நெட்வொர்க்குக்கும் நடுவே டிஎம்இசட் என்ற தனிப் பகுதியில் இதை வைப்பது வழக்கம். ஃபயர்வாலில் மெயில் வந்து போக 25-ம் எண் போர்ட்டைத் திறப்பார்கள். பிறகு டிஎன்எஸ்-ல் எம்எக்ஸ் ரெக்கார்டை மாற்றுவார்கள். 'இந்த நிறுவனத்துக்கான மெயிலை இங்கே கொண்டுவந்து கொடு' என்று உலகத்துக்குச் சொல்லும் முகவரிப் பலகை அது. உள்ளே இருக்கும் மெயில் சர்வர், இந்தப் பெட்டியிடமிருந்து வரும் மெயிலை மட்டுமே ஏற்க வேண்டும் என்றும் செட் செய்ய வேண்டும். இதை விட்டுவிட்டால், பெட்டியைச் சுற்றிக்கொண்டு நேராக சர்வருக்கே ஒருவர் மெயில் அனுப்பிவிடலாம்.

அடுத்து, ஊழியர்கள் யார் யார் என்று பெட்டிக்குத் தெரிய வேண்டும். அதற்காக நிறுவனத்தின் யூசர் டைரக்டரியோடு இணைப்பார்கள். அதற்கு ஒரு லாகின், பாஸ்வேர்ட் கொடுப்பார்கள். மெயில் போகும் வழியில் யாரும் படிக்காமல் இருக்க டிஎல்எஸ் சான்றிதழும் அதன் ரகசியச் சாவியும் உள்ளே ஏறும்.

எல்லாம் முடிந்த பிறகு பார்த்தால், நிறுவனத்தின் எல்லா மெயிலும், ஊழியர் பட்டியலும், சில முக்கியச் சாவிகளும் ஒரே பெட்டி வழியாகப் போய்க்கொண்டிருக்கும்.

பாராகுடாவில் என்ன நடந்தது?

2023 மே 18 அன்று தன் சாதனங்களிலிருந்து விநோதமான டிராஃபிக் போவதாக பாராகுடாவுக்குத் தெரியவந்தது. கூகுளுக்குச் சொந்தமான மேண்டியன்ட் என்ற பாதுகாப்பு நிறுவனத்தை விசாரணைக்கு அழைத்தது. மறுநாளே ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. மே 20 அன்று உலகம் முழுக்க உள்ள சாதனங்களுக்கு பேட்ச் போனது. வேகமான நடவடிக்கைதான்.

ஆனால் தோண்டத் தோண்ட வேறு படம் தெரிந்தது. இந்த ஓட்டையைப் பயன்படுத்தியதற்கான முதல் தடயம் 2022 அக்டோபர் 10 தேதியிட்டது. ஏழு மாதங்களுக்கும் மேலாக யாரோ உள்ளே இருந்திருக்கிறார்கள்.

சிவிஇ-2023-2868 என்று எண்ணிடப்பட்ட அந்த ஓட்டை, டிஏஆர் ஃபைல்களைக் கையாளும் இடத்தில் இருந்தது. பல ஃபைல்களை ஒரே மூட்டையாகக் கட்டித் தரும் வடிவம் அது. மூட்டைக்குள் இருக்கும் ஃபைல்களின் பெயரை பெட்டியின் மென்பொருள் சரியாகச் சோதிக்கவில்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கட்டளையை எழுதி அனுப்பினால், பெட்டி அதை அப்படியே இயக்கிவிடும். பார்சல் மேல் எழுதியிருப்பதை முகவரியாகப் படிக்காமல், மேனேஜரின் உத்தரவாக நினைத்து செய்து முடிப்பது மாதிரி.

இதில் எந்த ஊழியரும் எதையும் கிளிக் செய்யத் தேவையில்லை. மெயில் வந்து சேர்ந்தாலே போதும். 'சந்தேகமான லிங்க்கைத் தொடாதீர்கள்' என்று அலுவலகங்களில் நடக்கும் பயிற்சிகள் எதுவும் இங்கே உதவியிருக்காது.

இன்னொரு தந்திரமும் இருந்தது. அந்த மெயில்கள் வேண்டுமென்றே மட்டமான ஸ்பேம் போல, பிழையான ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தன. ஸ்பேம் ஃபோல்டரில் போய் விழட்டும், பார்ப்பவர்கள் இதெல்லாம் குப்பை என்று கடந்து போகட்டும் என்பதே நோக்கமாக இருக்கலாம் என்று மேண்டியன்ட் கணித்தது. குப்பையில் போட்டாலும் பரவாயில்லை. போடுவதற்கு முன்பு பெட்டி அதைத் திறந்து பார்த்திருக்குமே!

குறி யார்?

யுஎன்சி4841 என்று பெயரிடப்பட்ட இந்தக் குழு, சீன அரசுக்கு ஆதரவாக உளவு பார்க்கும் குழு என்று மேண்டியன்ட் உறுதியாக மதிப்பிட்டது. குறைந்தது 16 நாடுகளில் பாதிப்பு. பாதிக்கப்பட்டவற்றில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அரசு அமைப்புகள். ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பராவை உள்ளடக்கிய பிராந்திய அரசு, தாங்களும் பாதிக்கப்பட்டதாக ஜூன் மாதமே அறிவித்தது. தென்கிழக்கு ஆசியாவின் வெளியுறவுத் துறைகள், தைவான், ஹாங்காங்கில் உள்ள வர்த்தக அலுவலகங்கள், ஆய்வு நிறுவனங்கள் ஆகியவற்றின் மெயில்களும் குறிவைக்கப்பட்டன.

பயன்பாட்டில் இருந்த இந்த வகை சாதனங்களில் சுமார் 5 சதவிகிதம் ஊடுருவப்பட்டதாக பாராகுடா கூறியது. சிறிய எண்ணிக்கைதான். ஆனால் அந்த 5 சதவிகிதம் தேர்ந்தெடுத்துத் தாக்கப்பட்டது என்பதே கவலை.

பேட்ச் ஏன் போதவில்லை?

பேட்ச் என்பது உடைந்த ஜன்னலை அடைப்பது. ஏற்கெனவே உள்ளே வந்து கட்டிலுக்கு அடியில் படுத்திருப்பவரை அது வெளியேற்றாது.

ஹேக்கர்கள் உள்ளே வைத்த மால்வேர்கள், பாராகுடாவின் சொந்த சேவைகள் போலவே பெயர் சூட்டிக்கொண்டன. 'சீஸ்பை' என்ற ஒன்று, வழக்கமான மெயில் டிராஃபிக் போகும் அதே 25-ம் போர்ட்டைக் கவனித்துக்கொண்டு அமைதியாக இருக்கும். குறிப்பிட்ட சிக்னல் வந்தால் மட்டும் விழித்துக்கொள்ளும். செய்தி வெளியானதும் ஹேக்கர்கள் ஓடிவிடவில்லை. மால்வேரை மாற்றினார்கள், கூடுதல் இடங்களில் ஒளித்துவைத்தார்கள்.

2023 ஆகஸ்டில் எஃப்.பி.ஐ இன்னும் கடுமையாகப் பேசியது. பேட்ச் பலன் தரவில்லை, பாதிக்கப்பட்ட சாதனங்களை உடனே தனிமைப்படுத்தி மாற்றுங்கள் என்றது. பேட்ச்சுக்குப் பிறகு இதே ஓட்டை வழியாகப் புதிதாக எந்தச் சாதனமும் பாதிக்கப்பட்டதாகத் தெரியவில்லை என்பது மேண்டியன்ட், பாராகுடா தரப்பு. ஆனால் ஏற்கெனவே பாதிக்கப்பட்டதைக் கழற்ற வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

புதுப் பெட்டி, பழைய பேக்கப்

சரி, பழையதைக் கழற்றிப் புதியதை ரேக்கில் ஏற்றியாச்சு. இனி பயமில்லைதானே? இங்கேதான் கதை நம் ஊர் ஐடி அறைகளுக்கும் பொருந்துகிறது.

புது சாதனம் வந்தால் எல்லா செட்டிங்ஸையும் யாரும் முதலிலிருந்து கையால் போடுவதில்லை. பழைய சாதனத்திலிருந்து பேக்கப் எடுத்து, புதியதில் ரீஸ்டோர் செய்வார்கள். நேரம் மிச்சம். மெயில் நின்றால் அரை மணி நேரத்தில் எல்லா டிபார்ட்மென்ட்டிலிருந்தும் போன் வரும் என்ற அவசரம் வேறு.

ஹேக்கர்கள் இதையும் எதிர்பார்த்திருந்தார்கள். அமெரிக்க சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா, 'சப்மரீன்' என்ற பெயரில் அடையாளம் காட்டிய மால்வேர், சாதனத்தின் டேட்டாபேஸிலேயே ஒளிந்திருந்தது. கான்ஃபிகரேஷனை பேக்கப் எடுத்தால் அதுவும் கூடவே வரும். சுத்தமான புதுப் பெட்டியில் ரீஸ்டோர் செய்தால், மால்வேரும் குடியேறிவிடும். வீட்டைக் காலி செய்து புது வீட்டுக்குப் போனால், மூட்டையோடு கரையானும் வந்து சேர்வது போல.

சிஸ்கோவில் என்ன நடந்தது?

2025 டிசம்பர் 17 அன்று சிஸ்கோ வெளியிட்ட எச்சரிக்கை, அதன் 'செக்யூர் இமெயில் கேட்வே' சாதனங்களைப் பற்றியது. ஸ்பேம் குவாரன்டைன் என்ற வசதி இயங்கி, அது இணையத்திலிருந்து அணுகக்கூடியதாகவும் இருந்த சாதனங்கள் தாக்கப்பட்டன. சந்தேக மெயில்களைத் தனியே நிறுத்திவைத்து, தேவையானதை ஊழியர்களே விடுவித்துக்கொள்ள உதவும் வசதி அது.

இந்த வசதி தானாக இயங்காது. நிர்வாகிதான் இயக்க வேண்டும். அதை இணையத்துக்குத் திறந்துவைக்கவும் நிறுவனத்தின் வழிகாட்டி சொல்லவில்லை. வசதிக்காக எடுக்கும் சின்ன முடிவுக்கு எவ்வளவு விலை என்பதற்கு இது உதாரணம். ஊடுருவல் உறுதியான சாதனங்களை முழுக்க அழித்து மறுபடி நிறுவுவதுதான் வழி என்று சிஸ்கோவும் சொன்னது. பதிவேடுகளிலிருந்து தங்கள் தடயங்களை அழிக்கும் கருவியையும் இந்த ஹேக்கர்கள் பயன்படுத்தினார்கள்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

* நிர்வாகப் பக்கத்தையும் குவாரன்டைன் பக்கத்தையும் இணையத்துக்குத் திறக்க வேண்டாம். வெளியிலிருந்து தேவை என்றால் விபிஎன் வழியாக மட்டும்.

* பெட்டியிலிருந்து வெளியே போகும் டிராஃபிக்கையும் ஃபயர்வாலில் கட்டுப்படுத்துங்கள். மெயில், அப்டேட், டிஎன்எஸ் தவிர வேறு எங்கும் அது பேசத் தேவையில்லை.

* டைரக்டரிக்குக் கொடுக்கும் லாகின், படிக்க மட்டும் அனுமதி உள்ளதாக இருக்கட்டும். அட்மின் பாஸ்வேர்டைக் கொடுக்கவே கூடாது.

* லாக் பதிவுகள் பெட்டிக்குள் மட்டும் இருந்தால், உள்ளே வந்தவர் அழித்துவிடலாம். தனி சர்வருக்கு உடனுக்குடன் அனுப்புங்கள்.

* ஊடுருவலுக்குப் பின் மாற்றுகிறீர்கள் என்றால், பழைய பேக்கப்பைத் தொடாமல் கையால் செட் செய்யுங்கள். அதில் இருந்த பாஸ்வேர்டுகள், டிஎல்எஸ் சாவிகள் எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

180 நாள் போதுமா?

இந்தியாவில் செர்ட்-இன் அமைப்பின் 2022 ஏப்ரல் 28 உத்தரவுப்படி, நிறுவனங்கள் லாக் பதிவுகளை 180 நாள்கள் வைத்திருக்க வேண்டும். சைபர் சம்பவம் தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும்.

பாராகுடா விவகாரத்தில் முதல் தடயத்துக்கும் கண்டுபிடிப்புக்கும் இடையே 220 நாள்கள். விதிப்படி 180 நாள் மட்டும் வைத்திருந்த நிறுவனத்தில், ஹேக்கர் முதலில் நுழைந்த நாளின் பதிவே மிஞ்சியிருக்காது. எப்போது வந்தார், எந்தெந்த மெயிலைப் படித்தார் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் போயிருக்கும். சட்டம் கேட்பது குறைந்தபட்சம். தேவை அதைவிட அதிகம்.

கிளவுடுக்கு மாறிவிட்டால் தீர்ந்ததா? ரேக், பேட்ச், ஃபயர்வால் தலைவலி குறையும், உண்மைதான். ஆனால் யாரோ ஒருவர் உங்கள் மெயிலைத் திறந்து பார்த்துத்தான் ஆக வேண்டும் என்ற அடிப்படை மாறாது. பெட்டி வேறொருவர் கட்டடத்தில் இருக்கும், அவ்வளவுதான். அதனால் சொந்தப் பெட்டியோ கிளவுடோ, ஐடி டீமிடம் நிர்வாகம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. 'இது நம்மைப் பாதுகாக்கிறது, சரி. இதை யார் கண்காணிக்கிறார்கள்?'