வருமானம் ஜீரோ, கட்டணம் 73,000 ரூபாய்: ‘பேருக்கு’ டைரக்டரா நீங்கள்?

திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிறீர்கள். “பிரைவேட் லிமிடெட்டுக்கு ரெண்டு டைரக்டர் வேணும், உன் பேரையும் போட்டுக்கிறேன்” என்று நண்பர் கேட்க, கையெழுத்துப் போட்டீர்கள். பிசினஸ் ஓடவில்லை. ‘வருமானமே இல்லையே, எதுக்கு ரிட்டர்ன்?’ என்று விட்டுவிட்டீர்களா? அங்கேதான் சிக்கல்.

யாருக்குக் கணக்குக் காட்ட வேண்டும்?

அமெரிக்காவில் எல்எல்சி நிறுவனங்களைப் பதிவு செய்வது மாநில அரசு. இந்தியாவில் அப்படி இல்லை. கம்பெனிச் சட்டம் மத்திய அரசின் கையில். கேரள நிறுவனங்களுக்கான பதிவாளர் அலுவலகம் கொச்சியில் இருந்தாலும், அது மத்திய கார்ப்பரேட் விவகார அமைச்சகத்தின் கீழ் வருவது. தாக்கல் எல்லாம் ஆன்லைனில்தான்.

என்ன தாக்கல் செய்ய வேண்டும்?

ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 30 நாளுக்குள் நிதிநிலை அறிக்கை (ஏஓசி-4), 60 நாளுக்குள் ஆண்டு ரிட்டர்ன் (எம்ஜிடி-7; சிறு நிறுவனங்களுக்கு 7ஏ). தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய். உச்சவரம்பு கிடையாது. இரண்டு படிவமும் ஒரு வருடம் தாமதம் என்றால் 73,000 ரூபாய். வருமானம் ஜீரோ என்றாலும் இதே கணக்குதான்.

எல்எல்பி என்றால்? மே 30-க்குள் படிவம் 11, அக்டோபர் 30-க்குள் படிவம் 8. இவற்றுக்கும் முன்பு தினமும் 100 ரூபாய்தான். 2022 ஏப்ரல் முதல், நிறுவனத்தின் அளவையும் தாமதத்தையும் பொறுத்துக் கட்டணம் மாறுகிறது. சிறிய எல்எல்பி-களுக்குச் சுமை குறைந்தது, கடமை குறையவில்லை.

அப்போ கேரள அரசுக்கு?

அது தனி. தொழில் வரியை அரையாண்டுக்கு ஒருமுறை மாநகராட்சிக்குக் கட்ட வேண்டும். ஒருவருக்கு அதிகபட்சம் 1,250 ரூபாய். கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் தொழிலாளர் துறையில் பதிவும் தேவை. இதையெல்லாம் சரியாகச் செய்துவிட்டால் பதிவாளர் விட்டுவிடுவார் என்று நினைக்க வேண்டாம்.

பணம் மட்டும்தான் போகுமா?

இல்லை. தொடர்ந்து 3 நிதியாண்டுகள் தாக்கல் செய்யாத கம்பெனியின் டைரக்டர்கள் 5 ஆண்டுகளுக்குத் தகுதி இழப்பார்கள். ‘நான் பேருக்குத்தான் இருந்தேன்’ என்பது இங்கே எடுபடாது. நாளை நீங்களே ஸ்டார்ட்அப் தொடங்கினாலும் டைரக்டர் ஆக முடியாது. 2017-ல் நாடு முழுக்க 3 லட்சத்துக்கும் அதிகமானோர் இப்படித் தகுதி இழந்தார்கள். ராஜினாமா செய்தாலும், பதவியில் இருந்த காலத்துத் தவறுகளுக்கான பொறுப்பு நீங்காது.

இப்போது என்ன செய்யலாம்?

அமைச்சகத்தின் எம்சிஏ தளத்தில் உங்கள் கம்பெனியைத் தேடுங்கள். கடைசியாக எந்தத் தேதி பேலன்ஸ் ஷீட் தாக்கலானது என்று தெரியும். கம்பெனியைப் பிறகு நடத்தும் எண்ணம் இருந்தால் ‘செயலற்ற நிறுவனம்’ என்ற அந்தஸ்து கேட்கலாம். வேண்டாம் என்றால் எஸ்டிகே-2 படிவம் மூலம் மூடலாம். அதற்கு முன், தொழில் நின்ற நிதியாண்டு வரையிலான பாக்கி ரிட்டர்ன்களை முடித்தாக வேண்டும். சும்மா விட்டால் கம்பெனி தானாக மூடிக்கொள்ளாது. மீட்டர் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.