நடு ஆற்றிலே கேட்கும் கூலி



பரிசல்காரன் ஒருவன், அக்கரை சேர்க்கப் பத்து ரூபாய் என்று பேசி ஆளை ஏற்றிக்கொள்கிறான். ஆழம் மிகுந்த இடம் வந்ததும் துடுப்பை மடிமீது கிடத்திக்கொண்டு, "கூலி ஐம்பதாகிவிட்டது ஐயா! இசைவில்லை என்றால் இறங்கிக்கொள்ளலாம்" என்கிறான். எங்கே இறங்குவது? கரையிலே கேட்டிருந்தால் பேரம் பேசியிருப்பான் பயணி; பாலம் இருக்கும் ஊருக்கு நடந்தேனும் போயிருப்பான். நடு ஆற்றிலே அவன் என்ன செய்வான், பையைத் தடவிப் பார்ப்பதைத் தவிர?

2023-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் தில்லியிலே அமர்ந்திருக்கும் தேசிய மருத்துவ ஆணையம் இந்தப் பரிசல்காரனாகத்தான் பேசிற்று. 2019-இல் எம்.பி.பி.எஸ். படிப்பில் சேர்ந்தவர்கள், நாலரை ஆண்டுப் படிப்பில் ஏறத்தாழ நான்கு ஆண்டுகளைக் கடந்துவிட்டவர்கள், அவர்களை நோக்கி, "2024 பிப்ரவரியில் 'நெக்ஸ்ட்' என்னும் தேர்வை எழுதுக" என்றது. ஆறு தாள்கள். 540 வினாக்கள். தாள்தோறும் நூற்றுக்கு ஐம்பது பெற்றாக வேண்டும். தேறினால்தான் பயிற்சி மருத்துவராக மருத்துவமனைக்குள் நுழையலாம். பயிற்சி முடிந்ததும் இரண்டாம் படி ஒன்று உண்டு, அதையும் தாண்டினால்தான் மருத்துவர் என்று பதிவு செய்துகொள்ளலாம். மேற்படிப்புக்கு இடம் உண்டா இல்லையா என்பதையும் முதற்படியின் மதிப்பெண்ணே சொல்லும்!

அவர்கள் சேர்ந்த நாளில் இருந்த முறை என்ன? இறுதியாண்டுத் தேர்வை அவரவர் பல்கலைக்கழகமே நடத்தும். நோயின் கூறுகளை விளக்கி, மருத்துவ முறையை விரித்து எழுத வேண்டிய தேர்வு. நான்கு ஆண்டுகள் அதற்கென்றே படித்தவனிடம், இனி நான்கு விடைகளில் ஒன்றைத் தெரிவு செய் என்கிறார்கள். வசதி படைத்த வீட்டுப் பிள்ளை மறுநாளே தனிப்பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்டிவிடுவான். கடன் வாங்கி மகனை விடுதியில் விட்டுவந்த விவசாயக் கூலி யாரிடம் போய் நிற்பார்?

எதிர்ப்பு எழுந்தது. மாணவர்கள் குமுறினர். தமிழ்நாட்டு முதலமைச்சரும் இந்தத் தேர்வு வேண்டாமெனப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஜூலை 28-ஆம் நாள் ஒத்திகைத் தேர்வு என்று முரசறைந்தவர்கள், ஜூலை 13-இல் எல்லாம் ஒத்திவைக்கப்பட்டன என்று அறிவித்தனர். கவனியுங்கள் தோழர்களே, ஒத்திவைப்புத்தான்! படித்துக்கொண்டிருப்பவன் தலையிலே புது விதியைச் சுமத்த எமக்கு உரிமை இல்லை என்று அவர்கள் அன்று எழுதித் தரவில்லை.

"2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆவது பிரிவிலேயே இத்தகைய தேர்வு வரும் என்று சொல்லப்பட்டதே! தெரிந்துதானே சேர்ந்தார்கள்?" என்று வாதாடுவோர் உண்டு. வலுவான வாதந்தான், ஒதுக்கிவிட முடியாது. ஆனால் தேர்வு எப்படி நடக்கும் என்பதை அந்தச் சட்டம் சொல்லவில்லை. எத்தனை தாள், எத்தனை வினா, எத்தனை மதிப்பெண் என்ற விதிகள் வெளிவந்தது 2023 ஜூனில். திருமணம் நடக்கும் என்று சொல்லிவிட்டு, மணமகன் யார் என்பதைப் பந்தலிலே அறிவிப்பதா முன்னறிவிப்பு? நான்காண்டுப் படிப்புக்கு எட்டு மாத அவகாசம்!

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். இதே 2019-ஆம் ஆண்டு மாணவர்களிடந்தான் புதிய மருத்துவப் பாடத்திட்டமும் முதன்முதலாகச் செயலுக்கு வந்தது. சேரும்போதே சொல்லப்பட்டது, ஏற்றுக்கொண்டார்கள், படித்தார்கள். மாற்றத்தைக் கண்டு மருளும் கூட்டமல்ல அவர்கள். இடையிலே கொரோனாக் கொடுமை வந்து வகுப்பறைகளை மூடிற்று; அதையும் தாங்கினார்கள்.

ஆணையத்துக்கு நேரிய முறை தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும்! 2021 நவம்பரில் அதே ஆணையம், வெளிநாட்டில் மருத்துவம் பயில்வோருக்குக் கடுமையான விதிகளை வகுத்தது. அங்கே, ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களுக்கும், அப்போது பயின்றுகொண்டிருந்தவர்களுக்கும் அவை பொருந்தா என்று விலக்கும் எழுதி வைத்தது. கடல் கடந்து படிக்கச் சென்றவனுக்குக் காட்டிய நீதி, கீழ்ப்பாக்கத்திலும் மதுரையிலும் படிப்பவனுக்கு எட்டாதது ஏன்?

பாடம் மாறலாம். புதிய நோய் வந்தால் புதிய பாடம் வரத்தான் வேண்டும். 'நான் சேர்ந்த நாளில் இந்த மருந்து இல்லை, ஆகவே படிக்கமாட்டேன்' என்று எந்த மாணவனும் சொல்லக்கூடாது. பட்டத்துக்கும் பதிவுக்கும் உரிய வாயிலை இடையிலே இடம் மாற்றுவதைத்தான் எதிர்க்கிறோம். புது முறை நல்லது என்று நம்பும் பழைய மாணவன், விரும்பி அதை ஏற்கட்டும், தடையில்லை.

(பட்டம் பெறாமலே கல்லூரிப் படியிறங்கி வந்தவன், பட்டத்துக்காக வாதாடுகிறானே என்று நகைப்போர் நகைக்கட்டும். வாயிலுக்கு வெளியே நிற்பவனுக்குத்தான் அது நகர்த்தப்படுவது நன்றாகத் தெரியும்.)

சட்டம் என்ன சொல்கிறது? நமக்கு இனிப்பான விடையில்லை. பி.சுசீலா வழக்கில் 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விரிவுரையாளர் பணிக்கு முனைவர் பட்டம் போதும், 'நெட்' தேர்வு தேவையில்லை என்றிருந்த நாளில் ஆய்வு தொடங்கியவர்கள் தொடுத்த வழக்கு. 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு விதியை மாற்றிற்று. புது விதிப்படி பெற்ற முனைவர் பட்டத்துக்கு மட்டுமே விலக்கு என்றது. சென்னை, தில்லி, இராஜஸ்தான் உயர் நீதிமன்றங்கள் ஒருவிதமாகவும், அலகாபாத் உயர் நீதிமன்றம் வேறுவிதமாகவும் கூறின. உச்ச நீதிமன்றமோ, பழைய விதியின்கீழ் உறுதியான உரிமை எதுவும் பிறந்துவிடவில்லை என்று மானியக் குழுவின் பக்கமே நின்றது.

மாணவனுக்கு உரிமை பிறக்கவில்லையாம்! ஆனால் அவன் தலைமீது கடமை மட்டும் சேர்ந்த அன்றே பிறந்துவிடுகிறது. மருத்துவக் கல்லூரியிலே சேரும் நாளில், இடையிலே விலகினால் இலட்சக்கணக்கில் பணம் கட்டுகிறேன் என்று கையொப்பமிட்டுக் கொடுக்கிறான். சான்றிதழ்களைக் கழற்றிக் கொடுத்துவிடுகிறான். கட்டியவனைக் கட்டும் கயிறு, கட்டச் சொன்னவனைக் கட்டாதாம். இது என்ன உடன்படிக்கை?

நீதிமன்றம் தராததை அரசியல் தந்தது என்பதையும் நம் தோழர்கள் அறிந்திருக்க வேண்டும். தீர்ப்புக்குப் பிறகும் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் ஓயவில்லை. 2016-இல் மானியக் குழுவே தன் விதியைத் திருத்திற்று. 2009 ஜூலை 11-க்கு முன் முனைவர் படிப்புக்குப் பதிவு செய்தவர்களுக்கு, அவர்கள் பதிவு செய்தபோது இருந்த விதியே பொருந்தும் என்று, சில நிபந்தனைகளுடன், எழுதியது. வழக்கிலே தோற்றவர்கள் வாதத்திலே வென்றார்கள்.

அந்த ஒற்றை வரி மருத்துவ ஆணையத்தின் விதியிலும், ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் சட்டத்திலும் ஏற வேண்டும். ஒத்திவைக்கப்பட்ட தேர்வு மீண்டும் வருமுன் ஏற வேண்டும். கிளைக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள். மருத்துவம் படிக்கும் பிள்ளைகளை அழைத்து, அவர்கள் சேர்ந்த நாளில் கையில் தரப்பட்ட விதிப்புத்தகத்தைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். தீர்மானம் நிறைவேற்றி நம் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு அனுப்பி வையுங்கள்.