மெருகேற்றும் கைகளும் மறுக்கப்படும் கால்களும்

விசைத்தறி ஊர்களுள் சோமனூருக்குத் தனிப் பெயர் உண்டு. கூலி உயர்வுப் பேச்சுவார்த்தைகளில் ‘சோமனூர் ரகம்’ என்று துணிக்கே அவ்வூரின் பெயர் வழங்குகிறது. 2025 மார்ச் 19 அன்று கோவை, திருப்பூர் மாவட்டங்களின் கூலி விசைத்தறியாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் ஏறத்தாழ ஒரு மாதம் நீடித்தது. அவர்களுக்குச் சங்கம் இருக்கிறது, ஒப்பந்தம் இருக்கிறது, அதிகாரிகளோடு அமர்ந்து பேச ஒரு மேசை இருக்கிறது. இத்தகைய ஊர்களின் பேருந்து நிலைய ஓரத்தில் குத்தூசியும் மெழுகு நூலும் பாலிஷ் டப்பாவுமாக அமர்ந்து, பிறர் காலணிக்கு மெருகேற்றும் தொழிலாளிக்கோ இவற்றுள் ஒன்றும் இல்லை. அவருடைய கூலியைத் தீர்மானிப்பது எதிரில் நிற்பவரின் மனம். அவருடைய இடத்தைத் தீர்மானிப்பது அன்றைக்கு ஆக்கிரமிப்பு அகற்ற வருபவரின் மனம்.

கொங்கு மண்டலத்தில் அந்த இடத்தில் அமர்ந்திருப்பவர் பெரும்பாலும் அருந்ததியர் சமூகத்தவராகவே இருக்கிறார். இது தற்செயலன்று. ஆனால் ‘அது அவர்களுடைய பரம்பரைத் தொழில்’ என்ற விடை பாதி உண்மையை மட்டுமே சொல்கிறது; மறுபாதியை மறைக்கிறது.

கொங்கு வேளாண்மை கிணற்றுப் பாசனத்தை நம்பி வளர்ந்தது. எருதுகளைப் பூட்டிக் கவலை இறைத்த காலத்தில் நீர் மொண்டது தோற்பறி. அதைத் தைத்ததும், கிழிந்தால் ஒட்டுப் போட்டதும், பண்ணையாரின் செருப்பைச் செய்து கொடுத்ததும், அதே பண்ணையில் ஆண்டுக் கூலிக்கு உழைத்ததும் அருந்ததியரே. 1930களில் பைக்காரா மின்சாரம் கோவை வட்டாரத்துக்கு வந்தது. பின்னர் மின் இறைவை பரவப் பரவத் தோற்பறிக்குத் தேவை ஒழிந்தது. தொழிற்சாலைச் செருப்பு வந்தபோது செருப்புச் செய்யும் கைவினையும் நலிந்தது. தொழில் போயிற்று, அத்தொழிலைக் காட்டிச் சுமத்தப்பட்ட இழிவு மட்டும் போகவில்லை. நீர்ப்பாசனத்தின் முதுகெலும்பாக இருந்த ஒரு தொழில்நுட்பத்தின் உரிமையாளர்கள், பழுது பார்ப்பவர்களாகவும் பாலிஷ் போடுபவர்களாகவும் தெருவோரத்துக்குத் தள்ளப்பட்டார்கள். எனவே இன்று நாம் காண்பது காலங்காலமாக மாறாமல் வரும் மரபன்று. மாற்றத்தின் பலன் மற்றவர்களுக்கும் அதன் இழப்பு இவர்களுக்கும் பங்கிடப்பட்டதன் விளைவு.

செருப்பைச் செய்தவரின் கால் செருப்பணியலாமா என்ற கேள்வி கொங்கு வட்டாரத்தில் இன்னும் முடிந்துவிடவில்லை. திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்தில் உள்ள ராஜாவூரின் கம்பள நாயக்கன் தெருவில் தலித் மக்கள் காலணி அணிந்து நடக்கக்கூடாது என்பது எழுதப்படாத விதியாக இருந்தது. தெருவின் அடியில் மந்திரப் பொம்மை புதைக்கப்பட்டிருப்பதாகவும், செருப்போடு நடக்கும் தலித்துகள் மூன்று மாதத்தில் இறந்துபோவார்கள் என்றும் கதை கட்டிவிடப்பட்டிருந்தது. 2023 டிசம்பர் 24 அன்று சுமார் 60 தலித் மக்கள், தீண்டாமை ஒழிப்பு முன்னணி உள்ளிட்ட அமைப்புகளின் துணையோடு, காலணி அணிந்து அத்தெருவில் நடந்து அவ்விதியை உடைத்தார்கள்.

பொது இடத்தில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் காலணி அணிவதைத் தடுப்பது வன்கொடுமை என்று 2015ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வெளிப்படையாகக் கூறுகிறது. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம் அது. சட்டம் நடைமுறைக்கு வந்து ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் கழித்தும், ஒரு தெருவில் செருப்போடு நடப்பது போராட்டமாக இருந்தது. ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டப்பேரவையில் முதலமைச்சர் அறிவித்ததை நாம் வரவேற்கிறோம். சொல்லை நீக்குவது ஒரு தொடக்கம். காலணிக்கு இருக்கும் தடையையும் அதே உறுதியோடு நீக்க வேண்டும்.

யார் காலணியை யார் தொடுவது என்ற பழக்கம் அதிகாரத்தின் உடலிலும் ஊறியிருக்கிறது. 2020 பிப்ரவரி 6 அன்று முதுமலை தெப்பக்காட்டில் யானைகள் நலவாழ்வு முகாமைத் தொடங்கிவைக்கச் சென்ற அன்றைய வனத்துறை அமைச்சர் திண்டுக்கல் சீனிவாசன், ஒரு பழங்குடிச் சிறுவனை அழைத்துத் தம் காலணியைக் கழற்றச் சொன்னார். கண்டனம் எழுந்ததும், பேரனைப் போல எண்ணியே அழைத்ததாக விளக்கமளித்து வருத்தம் தெரிவித்தார். அத்தனை பேர் சூழ்ந்து நின்ற இடத்தில் அவர் பார்வை ஏன் ஒரு பழங்குடிச் சிறுவன் மீது போய் நின்றது என்பதே கேள்வி. தீய எண்ணம் இல்லாமலேயே இது நிகழ்ந்தது என்றால், பழக்கம் அவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கிறது என்று பொருள்.

இந்தப் பழக்கத்தின் இன்னொரு முகத்தைக் கல்லூரி மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். 1990இல் மண்டல் பரிந்துரை அறிவிக்கப்பட்டபோதும், 2006இல் மத்திய உயர்கல்வி நிறுவனங்களில் பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீடு அறிவிக்கப்பட்டபோதும், வட இந்திய நகரங்களில் அதை எதிர்த்த மாணவர்கள் சாலையில் அமர்ந்து காலணிகளுக்குப் பாலிஷ் போட்டார்கள், தெருக் கூட்டினார்கள். ‘இடஒதுக்கீடு வந்தால் எங்கள் கதி இதுதான்’ என்பது அவர்கள் காட்ட விரும்பிய படம். ஒரு நாள் நாடகத்துக்காக அவர்கள் கையிலெடுத்த பிரஷ்தான் வேறொருவருக்கு வாழ்நாள் முழுவதும் பிழைப்பு. தமக்கு வந்தால் அநீதி, பிறருக்கு வந்தால் இயல்பு என்ற அந்த எண்ணமே சாதி.

காலணிக்கு மெருகேற்றுவது இழிவான வேலை அன்று. உழைத்துக் கூலி பெறும் எந்த வேலையிலும் இழிவு இல்லை. ஒரு பிறப்புக்கு மட்டும் அதை ஒதுக்கி வைப்பதும், ஒதுக்கிய பின் அதற்குரிய கூலியையும் பாதுகாப்பையும் மறுப்பதுமே இழிவு.

இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்தே அரசுத் திட்டங்களை மதிப்பிட வேண்டும். 2023 செப்டம்பர் 17 அன்று ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டம், செருப்புத் தொழில் உட்பட 18 தொழில்களைப் பட்டியலிட்டு, குடும்ப வழியாகக் கைமாறும் மரபுத் திறன் என்று அவற்றைப் போற்றியது. விண்ணப்பிக்கக் குறைந்தபட்ச வயது 18. கல்லூரி வாசலில் நிற்க வேண்டிய பிள்ளையைத் தந்தையின் தொழிலுக்கே திருப்பும் ஆபத்து இதில் இருக்கிறது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்து, எதிர்ப்பால் 1954இல் கைவிடப்பட்ட கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று அடையாளம் கண்ட மண் இது. விஸ்வகர்மா திட்டத்தை ஏற்க மறுத்த தமிழ்நாடு அரசு, 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. 25 தொழில்கள்; குறைந்தபட்ச வயது 35; குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. கொள்கையளவில் இது சரியான திசை.

ஆயினும் 3 லட்சம் ரூபாய் வரை கடன் என்பது பட்டறை வைத்திருப்பவருக்குப் பொருந்தும். ஒரு மரப்பெட்டியே மூலதனமாகக் கொண்டவருக்கு முதல் தேவை கடன் அன்று. துரத்தப்படாமல் உட்கார நான்கடி நிலம். அதற்கான சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் பொருள் விற்பவரை மட்டுமல்ல, தெருவில் சேவை வழங்குபவரையும் பாதுகாக்கிறது. கணக்கெடுப்பு முடியும்வரை எவரையும் வெளியேற்றக்கூடாது என்றும், நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்றும் அது விதிக்கிறது. பேருந்து நிலையக் கடைகளை ஏலம் விடும் நகராட்சிகள், செருப்புத் தொழிலாளியை இந்தக் கணக்கெடுப்பில் சேர்த்து அடையாள அட்டையும் இடமும் வழங்கியிருக்கின்றனவா? ஒவ்வோர் ஊரிலும் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. காலணி, தோல் பொருள் தொழிலாளருக்கான நல வாரியத்தில் அவர்களைப் பதிவு செய்ய வைப்பது அடுத்த பணி.

பெரியவருக்கு இடமும் ஓய்வூதியமும் வேண்டும். அவர் பிள்ளைக்கு வெளியேறும் வழி வேண்டும். அந்த வழிகளுள் ஒன்று, பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு அளித்த 2009ஆம் ஆண்டுச் சட்டம். பட்டியல் சாதிகளுக்குள் உட்பிரிவு செய்ய மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 6க்கு 1 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. பஞ்சாப் வழக்கில் வந்த அத்தீர்ப்பு நம் சட்டத்துக்கும் அரணாக நிற்கிறது. ஆனால் ஒதுக்கீடு தானாக யாரையும் கல்லூரிக்கு அழைத்து வருவதில்லை. சாதிச் சான்றிதழ், விடுதி இடம், உதவித்தொகை ஆகிய மூன்றில் ஒன்று தாமதமானாலும் ஒரு மாணவர் மில் வேலைக்கோ பனியன் கம்பெனிக்கோ போய்விடுகிறார். அந்த இடத்தில்தான் செயற்பாட்டாளர்களின் உதவி தேவைப்படுகிறது.

அடுத்த முறை பேருந்துக்குக் காத்திருக்கும்போது, தெருவோரத்தில் அமர்ந்திருக்கும் அந்தத் தொழிலாளியிடம் ‘நீங்கள்’ என்று பேசுவோம். கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுப்போம். அடையாள அட்டை இருக்கிறதா, வாரியத்தில் பதிந்திருக்கிறாரா, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்போம். இல்லை என்ற விடை வந்தால், அவரோடு நகராட்சி அலுவலகத்துக்குச் செல்வது நம் வேலை.