உள்வாடகைக் கணினி

பொறியியல் படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் ஒரு பழக்கம் சகஜமாகிவிட்டது. ஒரு பாலம் எவ்வளவு பாரம் தாங்கும், குழாயில் சூடு எப்படிப் பரவும் என்பதைக் கணினியிலேயே சோதித்துப் பார்க்கும் மென்பொருள்கள் விலை அதிகம். ஆகவே பூட்டு உடைத்த பிரதியைப் பென் டிரைவில் கைமாற்றிக்கொள்கிறார்கள். 'எல்லோரும் செய்கிறார்கள்' என்று பெரியவர்களும் பேசாமல் இருந்துவிடுகிறோம். எனக்கு இதில் சம்மதமில்லை. திருட்டு திருட்டுதான். அதோடு எந்த வைரஸ் ஒட்டிக்கொண்டு வருகிறது என்பது கொடுத்தவனுக்கே தெரியாது.

நேர்வழி இல்லாமல் இல்லை. சில நிறுவனங்கள் அளவு வரம்போடு மாணவர் பதிப்பை இலவசமாகவே தருகின்றன. அது போதாதென்றால் கோட் ஆஸ்டர் இருக்கிறது. பிரான்சின் மின்சார நிறுவனமான ஈ.டி.எஃப். 1989-இல் தன் சொந்த உபயோகத்துக்காக உருவாக்கத் தொடங்கியது. 2001 முதல் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அணுமின் நிலையங்களை நடத்துகிறவர்களுக்குப் போதுமானது நம் பிள்ளையின் புராஜெக்டுக்குப் போதாதா?

சிக்கல் ஒன்றுதான். அது லினக்ஸுக்கு எழுதப்பட்டது. வீட்டில் இருப்பதோ விண்டோஸ் மடிக்கணினி. இங்கேதான் மெய்நிகர் கணினி உதவுகிறது. நம் வயதுக்காரர்களுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், வீட்டில் ஒரு போர்ஷனை உள்வாடகைக்கு விடுவது. விண்டோஸ் வீட்டுக்காரர், லினக்ஸ் குடித்தனக்காரர். விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருள் நடுவில் சுவர் எழுப்பித் தருகிறது. இது நேற்று வந்த வித்தையும் இல்லை. 1972-லேயே ஐ.பி.எம். தன் பெரிய கணினிகளுக்கு வி.எம்./370 என்று இதைக் கொடுத்திருந்தது.

'இவ்வளவு கனமான மென்பொருள் உள்வாடகையில் ஓடுமா?' என்று கேட்பார்கள். பாதி நியாயமான கேள்வி. என் தங்கையின் பேரன் 8 ஜி.பி. ரேம் உள்ள மடிக்கணினியில்தான் இதைச் செய்கிறான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கணக்குப் போடும் வேகத்தில் பெரிய நஷ்டம் இல்லை. பயாஸில் மெய்நிகர் வசதியை முதலில் திறந்துவிட வேண்டும், அவ்வளவுதான். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போதுதான் திரை திக்குகிறது. உண்மையான நெருக்கடி ரேமில். குடித்தனக்காரருக்கு 5 ஜி.பி. கொடுத்தால் இருவரும் பிழைக்கலாம். எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்தால் வீட்டுக்காரர் மூச்சு முட்டி, இரண்டு பேருமே நகர மாட்டார்கள்.

ஆனால் இந்த நெருக்கடியே நல்ல வாத்தியார் என்பது என் எண்ணம். இடம் இல்லாததால் பிள்ளை யோசிக்கிறான். இரண்டு பக்கமும் ஒரே மாதிரியான பொருளென்றால் பாதியை மட்டும் கணக்கிடுகிறான். விசை குவிகிற மூலையில் மட்டும் வலையை நெருக்கி, மற்ற இடத்தில் தளர்த்துகிறான். பெரிய கணினி கிடைத்தவன் யோசிக்காமல் பொத்தானை அமுக்கிவிட்டுப் போயிருப்பான்.

இன்னொரு சந்தோஷமும் உண்டு. கோட் ஆஸ்டரின் ஆவணங்களுக்கு மூலமொழி பிரெஞ்சு. "தாத்தா, இந்த வரி என்ன சொல்லுது?" என்று கேட்டுக்கொண்டு வருகிறான். 'மாய்' என்றால் வலைக்கண் என்று நான் சொல்கிறேன். அந்த வலைக்கண் எதற்கு என்று அவன் எனக்குச் சொல்கிறான். பிரெஞ்சு வழியில் படித்த நம்மவர்கள் ஓய்வுக்குப் பிறகு அந்த மொழியைப் பென்ஷன் கடிதத்துக்கு மட்டும் வைத்திருக்க வேண்டியதில்லை.

பெரிய கணக்குகளுக்கு இந்த ஏற்பாடு ஆகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்குக் கல்லூரிகள்தான் பொறுப்பு ஏற்க வேண்டும். ஆய்வகத்தில் நாலு கணினியிலாவது லினக்ஸை நேரடியாக நிறுவி, இத்தகைய இலவச மென்பொருளையும் பாடத்தில் சேர்த்தால், பிள்ளைகளுக்கு உள்வாடகையும் வேண்டாம், களவும் வேண்டாம்.

வீட்டில் நம்மால் முடிந்தது ஒரு கேள்வி. பேரப்பிள்ளையிடம் மார்க்கு விசாரிக்கும்போது, 'இந்த மென்பொருள் எங்கிருந்து வந்தது?' என்றும் கேட்டு வையுங்கள். நாளைக்கு நாம் நடக்கப்போகும் பாலத்துக்குக் கணக்குப் போடப்போகிறவன் அவன்.