கட்டணக் கழிப்பிடம்: கதவு யாருக்காகத் திறக்கிறது?

பொதுக் கழிப்பறை வேண்டும் என்று மக்கள் கேட்கும்போதெல்லாம் நகர நிர்வாகங்கள் இரண்டு விடைகளை ஆயத்தமாக வைத்திருக்கின்றன. ஒன்று இயந்திரம், மற்றொன்று ஒப்பந்தக்காரர். நாணயம் போட்டால் தானே திறக்கும் கதவுதான் நவீனம் என்கிறார்கள். கட்டணம் வாங்கினால்தான் தூய்மை நிலைக்கும் என்கிறார்கள். இரண்டுமே உண்மையை மறைக்கும் விடைகள். கழிப்பறையைத் தூய்மையாக வைத்திருப்பது கதவும் அன்று, கட்டணமும் அன்று. அங்கே நாள்தோறும் உழைக்கும் மனிதர். அவருக்கு நிலையான வேலையும் முறையான ஊதியமும் தர மறுக்கும் அரசியலே இயந்திரத்தின் பின்னாலும் ஒப்பந்தத்தின் பின்னாலும் ஒளிந்து நிற்கிறது.

மட்டாஞ்சேரியில் வாழும் நமக்கு இது தொலைவான விவாதமல்ல. பஜார் சாலையின் கிடங்குகளில் மூட்டை இறக்குவோர், தெருவோர வணிகர்கள், மீன் விற்கும் பெண்கள், கடைகளில் பகல் முழுதும் நின்று பணியாற்றும் பெண்கள், ஆட்டோ ஓட்டுநர்கள் எனப் பல்லாயிரவர் வீட்டுக்கு வெளியிலேயே பகலைக் கழிக்கின்றனர். டச்சு அரண்மனையையும் யூதத் தெருவையும் காண வருபவருக்கும், 2012 முதல் நடந்துவரும் பினாலே கலைவிழாவுக்கு வருபவருக்கும் விடுதி அறை உண்டு. காப்பிக் கடை உண்டு. தோளில் சாக்குத் தூசியும் உடலில் வியர்வையுமாக நிற்கும் சுமைத் தொழிலாளி அந்தக் காப்பிக் கடைக்குள் எந்த உரிமையில் நுழைவார்?

‘ஒதுங்க இடம்’ என்பது நம் மக்களின் வழக்கு. ஒதுங்குதல் தன்வினை, ஒதுக்குதல் பிறவினை. ஒதுங்க இடம் தராத நகரம் தன் உழைப்பாளிகளை ஒதுக்கிவைக்கிறது. இவ்விரு வினைகளுக்கும் இடையிலுள்ள தொலைவு ஓர் எழுத்தளவுதான். ஆனால் அதற்குள் ஒரு வர்க்க அரசியலே அடங்கியிருக்கிறது.

உலோக வில்லை என்றால் என்ன என்பதை இந்த மண்ணுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. கொச்சித் துறைமுகத்தில் ‘சாப்பா’ எனப்பட்ட வில்லைகளைக் கங்காணிகள் கூட்டத்தின் நடுவே வீசி எறிந்தார்கள். முண்டியடித்து அதைப் பிடித்தவனுக்கு அன்று வேலை, பிடிக்காதவனுக்குப் பட்டினி. அந்த இழிமுறையை எதிர்த்த போராட்டத்தில்தான் 1953 செப்டம்பரில் மட்டாஞ்சேரித் தெருவில் துப்பாக்கிகள் வெடித்தன. சைது, சைதலவி, ஆண்டனி ஆகியோரை நாம் இழந்தோம். உழைக்கும் உரிமையை ஒரு வில்லையின் தயவில் விடக் கூடாது என்று போராடியவர்களின் வழிவந்த நாம், உடலின் அடிப்படைத் தேவையை ஒரு நாணயத்தின் தயவில் விடுவதை ஏற்க முடியுமா?

கட்டணம் அற்பமானது என்பார்கள். கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு முறைக்கு 5 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு நான்கு முறைக்கு 20 ரூபாய். மாதத்தில் 26 வேலை நாட்களுக்கு 520 ரூபாய். கடைப் பணியாளர் ஒருவரின் ஊதியத்தில் இது அற்பமல்ல. இச்சுமையும் எல்லோர் மீதும் சமமாக விழுவதில்லை. ஆண் சுவரோரம் நின்றுவிடுகிறான். பெண்ணோ தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறாள். சிறுநீர்த் தொற்றும் சிறுநீரகக் கல்லும் வரும்போது அதற்கான செலவு எந்த மாநகராட்சியின் வரவு செலவுக் கணக்கிலும் ஏறுவதில்லை.

இந்த அநீதியை உலகின் பல மூலைகளில் பெண்களே முதலில் சுட்டிக்காட்டினர். 1969இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சட்டமன்ற உறுப்பினர் மார்ச் ஃபாங் யூ, ஆண்கள் நின்று கழிக்கும் இடம் இலவசமாக இருக்க, பெண்கள் நுழையும் அறைக்கு மட்டும் ஏன் காசு என்று கேட்டு, சட்டமன்றப் படிக்கட்டில் ஒரு கழிப்பறைப் பீங்கானைச் சம்மட்டியால் உடைத்தார். 2011இல் மும்பைப் பெண்கள் தொடங்கிய இயக்கமும் இதே கேள்வியை எழுப்பியது. நம் கேரளத்திலோ கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவின் கடைப் பெண்கள், கழிப்பறையின்றி அக்கம்பக்கத்து உணவகங்களின் தயவை நாடிய அவலத்திலிருந்தே ‘பெண்கூட்டு’ என்னும் அமைப்பாகத் திரண்டனர். தையல் தொழிலாளியான விஜி அதற்குத் தலைமை ஏற்றார். அந்தப் போராட்டம் உட்காரும் உரிமைக்கான போராட்டமாக வளர்ந்தது. 2018இல் கேரள அரசு கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் அவ்வழியில் சட்டம் இயற்றியது. கழிப்பறைக் கோரிக்கையில் தொடங்கிய ஓர் இயக்கம் இரண்டு மாநிலங்களின் தொழிலாளர் சட்டங்களில் எதிரொலித்தது. ‘இது சில்லறைப் பிரச்சினை’ என்று கருதும் தோழர்கள் இவ்வரலாற்றைச் சற்றே எண்ணிப்பார்க்க வேண்டும்.

இயந்திரத்தின் கதை என்ன? ‘இ-டாய்லெட்’ என்ற பெயரில் கேரள நகரங்களிலும் சென்னையிலும் உலோகப் பெட்டிகள் நிறுத்தப்பட்டன. நாணயம் விழுந்தால் கதவு திறக்கும், விளக்கு எரியும், தண்ணீர் தானே பாயும். பணியாளரே தேவைப்படாத கழிப்பறை என்பதுதான் அதன் விளம்பரம். அதுவே அதன் நோயும் ஆயிற்று. நாணயம் சிக்கிக்கொண்டது; உணரி பழுதானது; தொட்டியில் தண்ணீர் வற்றியது; பார்த்துச் சரிசெய்ய ஆளில்லை. பல பெட்டிகள் பூட்டிய நிலையில் துருவேறின. பூட்டிக்கொண்டால் வெளியே வர முடியுமா என்ற அச்சத்தில் பெண்களும் முதியவர்களும் இயங்கிய பெட்டிகளைக்கூடத் தவிர்த்தனர். தொழில்நுட்பத்தின் மீது நமக்குப் பகை இல்லை. தொழிலாளியை வெளியேற்றுவதற்காகத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவதையே எதிர்க்கிறோம்.

‘இலவசமாகக் கொடுத்தால் மக்கள் பாழாக்கிவிடுவார்கள்’ என்பது அடுத்த வாதம். விமான நிலையத்தில் எவரும் கட்டணம் கேட்பதில்லை. ஆயினும் அங்கே கழிப்பறை பளபளக்கிறது. அதே பயணி பேருந்து நிலையத்தில் மூக்கைப் பொத்திக்கொள்கிறார். இரண்டு மணி நேரத்தில் அவருடைய பண்பாடு மாறிவிட்டதா? மாறியது பணியாளர்களின் எண்ணிக்கையும் தண்ணீர் வரத்துமே. பாரிஸ் நகரம் தன் தெருக் கழிப்பறைகளுக்கான கட்டணத்தை 2006இல் நீக்கியது. டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் 17 பொதுக் கழிப்பறைகளைப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர்களும் வடிவமைப்பாளர்களும் உருவாக்கினர். அவற்றுள் ஷிகெரு பான் வடிவமைத்தது, ஆள் நுழைந்து தாழிட்டதும் ஒளிபுகாததாக மாறும் கண்ணாடியால் ஆனது. உலகம் அந்தக் கண்ணாடியை வியந்தது. ஆனால் அவற்றை நாளும் வாழவைப்பது ஒவ்வொரு நாளும் முறைவைத்துத் துடைக்கும் தொழிலாளர்களின் கைகளே.

பணம் எங்கே என்று கேட்பவர்களுக்கும் விடை உண்டு. ‘தூய்மை இந்தியா’வின் பெயரால் ஒன்றிய அரசு 2015 நவம்பர் முதல் 2017 ஜூன் வரை சேவைகளின் மீது 0.5 விழுக்காடு கூடுதல் வரி வசூலித்தது. கைபேசிக்குப் பணம் கட்டிய கூலித் தொழிலாளியும் அதைச் செலுத்தினார். ஏற்கெனவே வரி கொடுத்தவரிடம் கதவருகில் மீண்டும் காசு கேட்பதற்குப் ‘பயன்பாட்டுக் கட்டணம்’ என்று பெயர்! ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் 2016இல் முதல் பட்டியலிலேயே கொச்சி இடம்பெற்றது. மட்டாஞ்சேரியும் அத்திட்டப் பரப்புக்குள் வந்தது. ஆனால் பணிகள் ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் விடப்பட்டன. வாக்களித்த மக்களும் அவர்கள் தேர்ந்தெடுத்த மாமன்றமும் தள்ளி நிறுத்தப்பட்டனர். நகரை அழகுபடுத்துவதைக் கண்ணால் காணலாம்; கழிப்பறைப் பணியாளரின் மாத ஊதியத்தைத் திறப்புவிழாவில் காட்ட முடியாதல்லவா?

நம் அணியின் ஆட்சியையும் இக்கேள்விக்கு விலக்காக்க வேண்டியதில்லை. இடது ஜனநாயக முன்னணி அரசின் ‘டேக் எ பிரேக்’ திட்டம் சாலையோரங்களில் ஓய்விடங்களைக் கட்டியது. குடும்பஸ்ரீ பெண்களுக்கு அதில் பொறுப்பளித்தது. வரவேற்கத்தக்க முன்முயற்சி இது. ஆனால் பராமரிப்பைக் கட்டண வருவாயின் மேல் நிறுத்தினால், பயணியின் ஐந்து ரூபாய் விழுந்தால்தான் பணியாளருக்குக் கூலி என்ற நிலை வரும். ஓர் ஏழையின் கூலியை இன்னோர் ஏழையின் சிறுநீரிலிருந்து ஈட்டச் சொல்வது இடதுசாரி வழியாகாது.

சாதியின் கேள்வியையும் தவிர்க்கலாகாது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் வந்தது. ஆயினும் பிறர் அழுக்கை நீக்கும் வேலை இன்றும் பிறப்பின் அடிப்படையிலேயே பெரும்பாலும் பகிரப்படுகிறது. அருகே ஃபோர்ட் கொச்சியின் வேலியில், தோபிக் கானாவில் தலைமுறைகளாகத் துணி வெளுக்கும் தமிழ் வண்ணார் குடும்பங்கள் இதை நன்கு அறிவர். ஒப்பந்த முறை இந்தச் சாதிப் பகிர்வை ஒழிப்பதில்லை, மலிவாக்குகிறது.

ஆகவே வடிவமைப்பு என்பது பொறியாளரின் மேசையோடு முடிவதல்ல. அது நம் கோரிக்கைப் பட்டியலாக வேண்டும். கழிப்பறை சந்தைக்கும் படகுத்துறைக்கும் அருகே, தெருவிலிருந்து வாயில் தெரியும்படி அமைய வேண்டும். இருண்ட சந்தின் கோடியில் அன்று. பெண்களுக்கான அறைகள் ஆண்களுக்கானவற்றைவிட மிகுதியாக வேண்டும். பெண்களுக்கு நேரம் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்பதே காரணம். சேலையையும் பையையும் மாட்டக் கொக்கி, மாதவிடாய்த் துணிகளுக்கு மூடியுள்ள தொட்டி, சக்கர நாற்காலிக்குச் சாய்தளம், திருநங்கையர் அச்சமின்றி நுழையத் தனிக்கதவுள்ள அறைகள் வேண்டும். மேற்கு கொச்சியில் நிலத்தடி நீர் மட்டம் மேலேயே நிற்கிறது. கடல் ஓதம் தெருவுக்குள் ஏறுகிறது. பாதாளச் சாக்கடையோ நகரின் சிறு பகுதிக்கே உண்டு. இங்கே உறிஞ்சு குழி வெட்டினால் மலம் அண்டை வீட்டுக் கிணற்றுக்கே செல்லும். தரைமட்டத்தை உயர்த்திக் கட்டி, நீர் கசியாத தொட்டி வைத்து, கழிவை முறையாக அகற்றிச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுசெல்லும் ஏற்பாடு வேண்டும். பணியாளருக்கு அமர ஓர் அறை, கையுறை, காலணி, மாநகராட்சியின் நிரந்தரப் பணி ஆணை ஆகியவை வரைபடத்தின் முதல் பக்கத்திலேயே இடம்பெற வேண்டும்.

தோழர்களே, ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் எத்தனை கழிப்பறைகள் உள்ளன, எத்தனை பூட்டிக் கிடக்கின்றன, எங்கே காசு கேட்கிறார்கள் என்று ஒரு வாரத்துக்குள் கணக்கெடுக்கட்டும். கடைப் பெண்களையும் சுமைத் தொழிலாளர்களையும் அழைத்துக்கொண்டு அந்தக் கணக்கோடு வார்டு கமிட்டிக்குச் செல்லட்டும். கட்டணமில்லாக் கழிப்பறையும் நிரந்தரப் பணியாளரும் ஒரே கோரிக்கையின் இரு பாதிகள். ஒன்றை மட்டும் பெற்றுக்கொண்டு திரும்ப வேண்டாம்.